மேல்பட்டை

அபிஷேகப்பட்டி. மே மாதம். மதியம் இரண்டே கால்.
கையுறைக்குள் விரல்கள் ஊறிக் கிடக்கின்றன.
ஒரு சொட்டு வேர்வை போதும்,
குழாயில் இருக்கும் என் ஆர்என்ஏவைத் தின்று தீர்க்க.
அதனால் கழற்ற முடியாது.

இருநூற்றுப் பதினோரு எழுத்து, ஒரே இழை.
ஜோடி இழை என்று ஒன்று வாய்க்காததால்
தன்மேலேயே திரும்பித் தேடுகிறது:
ஏழாவது ஏ, தொண்ணூற்று மூன்றாவது யுவை.
ஜிக்கு சிதான் முறை.
கிடைக்காவிட்டால் யுவோடும் போகும்,
கொஞ்சம் கோணலாக, ஆனால் பிடிப்பாக.
இதைச் சொன்னபோது ஆவுடைத்தங்கம்
குடுவை கழுவுவதை நிறுத்திச் சிரித்தாள்.
அவள் கல்யாணம் வள்ளியூர்ப் பதிவாளர் ஆபீசில் நடந்தது.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில்
மைனி பொழுதெல்லாம் பீடிக்கு நுனி மடக்குவாள்.
இலை முரண்டும், நகம் ஜெயிக்கும்.
மடிப்பென்றால் விரல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
இங்கே விரல் இல்லை.
சூட்டில் உதறுகிற தண்ணீர், அவ்வளவுதான்.
தட்டி, தவறி, ஒட்டி, பிரிந்து,
கண் சிமிட்டும் முன்
மாஞ்சோலைப் பாதைக்குள்ள கொண்டை ஊசி வளைவையெல்லாம்
போட்டுப் பார்த்துவிடும்.

சின்ன வளைவுகள் சுலபம்.
வளைவும் வளைவும் பக்கத்தில் வரவேண்டுமே, அங்கேதான் சண்டை.
முதுகெல்லாம் எதிர்மின்னூட்டம்; நெருங்க நெருங்கத் தள்ளும்.
தென்காசி பஸ்ஸில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள்
ஒரே சீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி.
நடுவில் ஒரு பிள்ளையை உட்காரவைத்தால் கொஞ்சம் தணிவார்கள்.
அந்தப் பிள்ளைக்கு மெக்னீசியம் என்று பெயர்.

ஆனாலும் மூன்று மாதமாக ஜெல்லில் இரண்டு பட்டை.
ஒரே எழுத்து, ஒரே நீளம், உருவம் இரண்டு.
கீழ்ப்பட்டை எதிரில் வைத்த இழையைச்
சரியான இடத்தில் வெட்டுகிறது.
மேல்பட்டை எதையும் வெட்டாது.
கலையவும் கலையாது.
எங்கோ நாற்பதாம் எழுத்துப் பக்கம்
முதலில் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டது.
அதை விட்டால்தான் சரியான கை கிடைக்கும்.
விடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, கொடுக்க மனசில்லை
(மனசு என்று எழுதக் கூடாது; வேறு சொல் அகப்படவில்லை).

"நிலையா இருக்கறது வேற, வேலைக்கு ஆகறது வேற.
குப்பை, தள்ளிரும்மா" என்றார் டாக்டர் அருள்தாசன்.
எனக்கு ஏனோ அந்தக் குப்பைமேலேயே கண்.

நேற்று மறுபடியும்.
தொண்ணூறு டிகிரி, இரண்டு நிமிடம்:
நல்ல பிடி, தப்புப் பிடி எல்லாம் விட்டு வெறும் நூலாயிற்று.
ஐம்பதுக்கு இறக்கி மெக்னீசியம் விட்டேன்.
அந்த நிமிடம் பார்த்துக் கரண்ட் போனது.
யுபிஎஸ் நாலு தடவை கத்திவிட்டு அடங்கியது.
ஆலங்குளம் திசையில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன,
யாருக்கோ.

வழக்கமாக மெஷின் இரண்டே நிமிடத்தில் குளிரவைத்துவிடும்.
இப்போது உலோகக் கட்டை தன் போக்கில் இருந்தது.
ஐம்பதிலிருந்து அறைச் சூட்டுக்கு,
அறையே முப்பத்தெட்டு, என்ன அவசரம்.
ஆவுடை அட்டையால் விசிறிக்கொண்டே கேட்டாள்:
"எம்புட்டு நேரம் யோசிக்கும் அது?"
"யோசிக்காதுக்கா. முட்டிமுட்டிப் பாக்கும்."
"நாம மட்டும்?" என்றாள்.

காலையில் ஜெல்லில் ஒரே பட்டை. கீழே.
மேலே, இருந்த இடத்தில், துணியில் போகாத கறைபோலக் கொஞ்சம்.

செய்முறைப் பக்கத்தில் என்ன எழுத?
'மின்வெட்டு, இரண்டு மணி பத்து நிமிடம்' என்றால்
எந்தப் பத்திரிகை ஒப்புக்கொள்ளும்?
'மெதுவாக ஆறவிடப்பட்டது' என்று எழுதினேன்.
யார் விட்டது?
அடித்துவிட்டு,
'ஆறியது' என்று எழுதினேன்.